ஒரு துவைகூடத்துக்காக ஓஸ்லோவுக்கு

ஓஸ்லோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஆக்னஸின் பெட்டியைத் திறந்தார், முகர்ந்தார், உடனே மூடினார். "உலர்ந்த மீனா?" என்று கேட்டார். ஆக்னஸ் புருவத்தை உயர்த்தினார். அலாஸ்காவின் பூர்வகுடிகளான யூபிக் மக்களுக்கு அது "ஆமாம்". அதிகாரிக்கு அது தெரியாது, மறுபடி கேட்டார். ஆக்னஸ் மறுபடி புருவத்தை உயர்த்தினார். எங்களுக்குப் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. "மீன்தான் சார், சால்மன்" என்று நான் நடுவில் புகுந்தேன். இந்தப் பயணத்தில் நான் எரிச்சலோடு வாய் திறந்த முதல் இடம் அது. அதற்குப் பிறகு கணக்கு வைக்கவில்லை.

நான் பல்லாவரத்தில் வளர்ந்தவள். இப்போது அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் மண்பொறியாளராக வேலை பார்க்கிறேன். ஆக்னஸ், மேற்கு அலாஸ்காவில் ஆற்றோரம் இருக்கும் ஒரு சின்ன யூபிக் ஊரின் திட்டப் பொறுப்பாளர். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. விமானம் உண்டு, வானிலை விட்டால். கோடையில் சரக்குப் படகு உண்டு. மரம், ஆணி, அடித்தளத் தூண் எல்லாம் அந்தப் படகில்தான் வர வேண்டும். விட்டால் அடுத்த கோடை.

ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. சுத்தமான தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, குளிப்பது மூன்றும் ஒரே கட்டடத்தில். அவர்கள் வாஷிட்டீரியா என்பார்கள். நான் துவைகூடம் என்று எழுதுகிறேன். அது நிற்பது ஆற்றங்கரையில். அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடந்த மண் இப்போது இளகுகிறது, கரை சரிகிறது. அடுத்த இலையுதிர்காலப் புயலைக் கட்டடம் தாங்குமா என்று ஊர் மன்றம் என்னை அமர்த்திக் கேட்டது. சோதித்துப் பார்த்து, தாங்காது என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

அதற்கு முன்பே ஊர் தன் எதிர்காலத்துக்குத் தானே ஒரு திட்டம் போட்டிருந்தது. வெளியிலிருந்து யாரும் வந்து போட்டதல்ல. குளிர்காலம் முழுக்க ஆக்னஸ் துவைகூடத்தில் துணி மடிக்கும் மேசைமேல் ஊர் வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். துணி சுற்றி முடியும்வரை எல்லாரும் எப்படியும் அங்கே காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், வீட்டுக்குப் போய் யோசித்தார்கள், அடுத்த அழுக்கு மூட்டையோடு வந்து மறுபடி சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு வரிசை உருவானது. முதலில் மேட்டில் புதிய துவைகூடம். பிறகு அதற்குப் பலகைப் பாதை. பிறகு வீடுகள். எல்லாம் முடிந்தபின் ஊர் மண்டபம்.

குளிர்நாட்டுக் கட்டடங்களில் தேர்ந்த ஓர் ஓஸ்லோ வடிவமைப்பு அலுவலகம் வரைபடங்களை ஏற்றுக்கொண்டது. அவர்கள் அனுப்பிய முதல் தாளில் இருந்தது ஊர் மண்டபம். ஆற்றைப் பார்த்த பெரிய கண்ணாடி முகப்பு, உள்ளே படிப்படியாக இருக்கைகள். துவைகூடம் "இரண்டாம் கட்டம்". மின்னஞ்சலில் எத்தனை முறை சொல்லியும் அந்த வரிசை மாறவில்லை. ஆகவே நேரில் வந்தோம். எந்த வரைபடம் முதலில் போகிறதோ அதற்கான மரமும் தூணும்தான் இந்தக் கோடைப் படகில் ஏறும். அது துவைகூடமாக இருக்க வேண்டும்; அதற்குத்தான் இந்தப் பயணம்.

வந்த நாளிலேயே ரயில் இல்லை. ஈஸ்டர் வாரத்தில் தண்டவாளத்தைப் பிரித்துப் பழுது பார்ப்பார்களாம். ரயிலுக்குப் பதில் பஸ். அந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று எழுதியிருந்த இடத்தில் அது நிற்கவில்லை. ஆனால் ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் டிரைவரும் கண்டக்டரும் பயணிகளும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். இங்கே எல்லாரும் ஆளுக்கு ஒரு கை தூரம் விட்டு, பனியில் மௌனமாக நின்றார்கள்.

ஹோட்டல் மறுநாள் காலையே எங்களை அழைத்தது. அறையில் "ஒரு வாசனை" இருக்கிறதாம், பக்கத்து அறைக்காரர்கள் சொல்கிறார்களாம். வரவேற்பில் இருந்த பெண் மீன் என்ற சொல்லைச் சொல்லாமலே பத்து நிமிடம் பேசினாள். எங்களை அழைத்துப்போக வந்த தர்சிகா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அந்த அலுவலகத்தில் எங்கள் திட்டத்தை வரையும் இளம் கட்டடக் கலைஞர் அவள். நோர்வேயில் பிறந்தவள், யாழ்ப்பாணத்துப் பெற்றோர்.

"அக்கா, பெட்டியைக் கட்டுங்கோ. என்ர ஹவுகன்ஸ்டுவா வீட்டுக்கு வாங்கோ. எனக்குக் கருவாட்டு மணம் சின்னனிலையே பழக்கம்."

"பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அந்த புளொக்கில ஒவ்வொரு மாடியிலயும் ஒவ்வொரு மணம். உங்கட மீன் அதுக்குள்ள காணாமப் போயிடும்."

ஹவுகன்ஸ்டுவா ஓஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் பகுதி. அங்கே தர்சிகா குடியிருந்த அடுக்குமாடியின் அடித்தளத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவான சலவை அறை ஒன்று இருந்தது. வாஸ்கெரி என்றாள் தர்சிகா. ஆக்னஸ் அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். இயந்திரங்களைத் திறந்து மூடினார், துணி மடிக்கும் மேசையைக் கையால் தடவினார். "ஆனால் இங்கே ஏன் ஒருவரும் இல்லை?" என்று கேட்டார். சுவரில் ஒரு பலகை; அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு. எந்த நேரம் வேண்டுமோ அந்தத் துளையில் பூட்டிவிட வேண்டும். ஒருவர் நேரத்தில் மற்றவர் வரக் கூடாது. "யாரையும் பார்க்காமல் துவைக்கவா இவ்வளவு ஏற்பாடு?" என்றார் ஆக்னஸ். பக்கத்தில் ஒரு தாள்: ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் துவைக்கக் கூடாது. எனக்கு ஒழுங்குமுறை பிடிக்கும். பட்டியல் போடாமல் நான் காய்கறி வாங்கப் போனதில்லை. எனக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அலுவலகத்தில் மதிய உணவு பதினொன்றரைக்கு. வெட்டிய ரொட்டி, அதன்மேல் இனிப்பான பழுப்புப் பாலாடைக்கட்டி. மேலே மூட இன்னொரு துண்டு ரொட்டி கிடையாது. எல்லாரும் அதைப் பொறுப்பாக மென்றார்கள். ஆக்னஸ் தன் சால்மனை எடுத்து, திட்டத் தலைவர் ஸ்டைனாரிடம் கொடுத்தார். அவர் ஐம்பதைத் தாண்டிய, அன்பான, உயரமான மனிதர். உண்மையாகவே மகிழ்ந்தார். அதை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, குளிர்பெட்டியின் கடைசித் தட்டில் வைத்தார். அவர் ஒரு துண்டு கடித்துப் பார்ப்பார் என்று ஆக்னஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். கடிக்கவில்லை.

கூட்டம் புதன்கிழமை காலை. தாழ்வாரத்தில் சுவரோரம் பனிச்சறுக்குக் கட்டைகள் சாய்ந்து நின்றன. அன்று மதியத்தோடு ஊரே விடுமுறை.

ஸ்டைனார் திரையில் மண்டபத்தைக் காட்டினார். "மக்களை ஒன்றுசேர்ப்பது மண்டபம். துவைகூடம் ஒரு வசதி, அவ்வளவுதான். முதலில் ஊரின் இதயத்தைக் கட்டுவோம். ஆக்னஸ், இந்த வரிசை உங்களுக்குச் சரிதானே?"

ஆக்னஸ் மேசையைப் பார்த்தார். அவர் ஊரில் முக்கியமான கேள்விக்கு உடனே பதில் சொன்னால் கேள்வியை மதிக்கவில்லை என்று பொருள். ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பேசி முடித்ததும் அறையே அமைதியாக இருக்கும்; தேநீர் ஆறிப்போகும்; பிறகு பதில் வரும். முதல் தடவை அங்கே போனபோது நான் அந்த அமைதியில் மூன்று முறை குறுக்கே பேசி, ஒரு பாட்டியிடமல்ல, ஓர் ஏழு வயதுப் பெண்ணிடம் முறைப்பு வாங்கினேன்.

ஸ்டைனாரும் காத்திருந்தார், நோர்வே அளவுக்கு. பிறகு "நல்லது" என்று அடுத்த படத்துக்குப் போனார்.

"அவர் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றேன்.

"நிச்சயமாக. கடைசியில் கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது."

கடைசியில் நேரம் இல்லை. துவைகூடம்தான் முதலில் என்று நானே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஊர்க்காரி இல்லை. மண் பார்க்க அமர்த்தப்பட்டவள், ஊருக்காக வாய் திறப்பது முறையில்லை. அதை ஆக்னஸ் முன்பே சொல்லியிருந்தார். எல்லாரும் எழுந்தார்கள், கை குலுக்கினார்கள். ஸ்டைனார் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, மலையில் இருக்கும் தன் விடுமுறைக் குடிலைக் காட்டினார்; அவர்கள் மொழியில் ஹுத்தே. "அந்தப் பக்கம் வந்தால் ஒரு காப்பிக்கு வாருங்கள்!" என்றபடியே சறுக்குக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் மேலங்கி போடுவதற்குள் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்துவிட்டது. "ஊர்ப் பிரதிநிதி முன்மொழிந்த வரிசையை ஏற்றுக்கொண்டார்."

"இது என்ன?" என்றேன். தமிழில்தான் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் வேறு மாதிரி கேட்டிருப்பேன்.

"அக்கா, இஞ்சை கூட்டத்தில ஒருத்தரும் மறுத்துக் கதைக்கேல்லை எண்டால் எல்லாருக்கும் சம்மதம் எண்டுதான் எழுதுவினம்" என்றாள் தர்சிகா. அவள் முகமும் நன்றாக இல்லை. "போஸ்கே முடிஞ்சு ஒஃபீஸ் திறக்கிற காலமை படங்கள் அப்படியே படகுக்காரருக்குப் போயிடும். நான் மாத்தேலாது. ஸ்டைனார் சொல்ல வேணும்."

போஸ்கே என்பது ஈஸ்டர்; அலுவலகம் திறக்கும் முன்பே எங்களுக்கு விமானம். ஸ்டைனாரின் கைபேசி அணைந்திருந்தது. ஈஸ்டர் வாரத்தில் நோர்வேயில் யாரும் கைபேசியை எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். பால்கூட வாங்க முடியாது. கடை மூடியிருந்தது.

இவ்வளவுக்கும் ஆக்னஸ் பதறவில்லை. "அவர் வரச் சொன்னாரே" என்றார்.

"ஐயோ, அது சும்மா சொல்லுறது!" என்று தர்சிகா என்னிடம் தமிழில் அலறினாள். "நோஷ்க் ஆக்கள் ஹுத்தேக்கு வாங்கோ எண்டு சொல்லுவினம். ஒருத்தரும் போறேல்லை. போனால் அவை வெக்கத்தில செத்துப்போவினம்."

நான் இதை நாகரிகமாக மொழிபெயர்த்தேன்: நோர்வேக்காரர்கள் அழைப்பது மரியாதைக்கு, யாரும் போவதில்லை. ஆக்னஸுக்குப் புரியவில்லை. "வர வேண்டாம் என்றால் ஏன் வாருங்கள் என்கிறார்?" அவர் ஊரில் ஒருவர் வா என்றால் போவார்கள். பல்லாவரத்தில் நாங்களும் வீட்டுக்கு வாங்க வாங்க என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போகிறவர்கள்தாம்.

வியாழக்கிழமை, மலைக்குப் போகக் கார் கேட்டு, லோறென்ஸ்கூக்கில் தர்சிகாவின் பெற்றோர் வீட்டுக்குப் போனோம். கார் கிடைப்பதற்கு முன் சாப்பிட வேண்டியிருந்தது. அவளுடைய அப்பா நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆக்னஸ் நீட்டிய சால்மனை வாங்கி, பிய்த்து, வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"புகையில போட்டதோ? உப்பு அளவாய்க் கிடக்கு. கேளுங்கோ பிள்ளை, என்ன மரம் எரிக்கிறவை எண்டு."

கேட்டேன். "காட்டன்வுட்" என்றார் ஆக்னஸ்; அவர்கள் ஆற்றோரத்தில் வளரும் மரம். இருவரும் அதற்குப் பிறகு என்னைக் கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் கையாலேயே மீன் அறுத்துக் காட்டினார்கள்.

"நல்லாய்ப் போட்டுச் சாப்பிடுங்கோ, நாளைக்கு வெள்ளி, மரக்கறிதான்" என்று அம்மா குழம்பை ஊற்றினார். "தேத்தண்ணி இப்பவோ, பிறகோ?"

"டீ அப்புறமா சாப்பிடறேன், ஆன்ட்டி."

"பாத்தியளே, இந்தியாக்காரர் தேத்தண்ணியையும் சாப்பிடுவினம்" என்றார் அப்பா.

"நீங்கள் மட்டும் என்னவாம்? காரை பார்க்கேரிங்கில விட்டிட்டு வாறன் எண்டுறியள்" என்று அவர் தமிழில் கலந்த நோர்வேச் சொல்லைக் குத்திக்காட்டினாள் மகள். சாவி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை மலை ஏறினோம். பனி அகற்றிய சாலை ஓரிடத்தில் முடிந்தது, அதற்கப்பால் நடை. வெண்பனியில் இரண்டு கோடுகள் ஒழுங்காகப் போயின. நான் அவற்றின்மேல் நடந்தேன், கெட்டியாக இருந்தது. எதிரே சறுக்கிவந்த ஒரு பெண்மணி நின்று, இத்தனை நாட்களில் ஒரு நோர்வேக்காரரிடம் நான் கேட்ட மிக நீளமான பேச்சைப் பேசினார். தர்சிகா மன்னிப்புக் கேட்டு என்னை இழுத்தாள். "ஸ்கீ தடத்தில கால் வைக்கக் கூடாதக்கா. கொலைக்குற்றம்." தடத்துக்கு வெளியே கால் வைத்தேன், முழங்கால்வரை புதைந்தது. மரியாதையாக நடக்க வழியே இல்லாத நாடு. ஆக்னஸ் அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஸ்டைனார் குடிலின் வாசலில் வெயிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உரித்த சுளை கையிலேயே நின்றது. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"காப்பிக்கு வந்தோம்" என்றார் ஆக்னஸ். கடைசிச் சால்மன் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நல்ல மனிதர், ஒரு நிமிடத்தில் தேறிவிட்டார். குடிலைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். மின்சாரம் இல்லை, கணினி கொண்டுவருவதில்லை. கழிப்பறை வெளியே. "குழாயும் இல்லை. போடலாம், ஆனால் வேண்டுமென்றே போடவில்லை. ஓடையிலிருந்து வாளியில் சுமக்கிறோம். அதுதான் உண்மையான ஓய்வு!" என்றார் பெருமையாக.

எனக்குக் காது சூடாகியது. பல்லாவரத்தில் லாரிச் சத்தம் கேட்டதும் பச்சைக் குடத்தோடு ஓடி, வரிசையில் முழங்கையால் இடித்து இடம்பிடித்தவள் நான். அதை யாரும் எனக்கு ஓய்வு என்று சொல்லவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆக்னஸ் என் கையைத் தொட்டார். பிறகு இரண்டு வாளிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார். ஸ்டைனார் மற்றதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார், நாங்களும்.

பனிக்கட்டியில் வெட்டிய துளையில் ஆக்னஸ் வாளியைச் சாய்த்த விதத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஸ்டைனாரின் கால்சட்டை நனைந்தது.

"எப்போது வீட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்டார் ஆக்னஸ்.

"திங்கட்கிழமை. போனதும் முதல் வேலை, நீண்ட வெந்நீர்க் குளியல்."

ஆக்னஸ் வாளியைப் பனியில் வைத்தார். "எங்களுக்கு அந்தத் திங்கட்கிழமை இல்லை" என்றார். "என் அக்காள் பேத்திக்குத் தோலெல்லாம் புண். கைகழுவின தண்ணீரையே மறுபடி வைத்துக் கழுவுகிறோம். துவைகூடம் ஆற்றில் விழுந்தால் அந்தத் தண்ணீரும் இல்லை. மண்டபம் அழகாக இருக்கிறது. அழுக்கோடு அதில் போய் உட்கார மாட்டோம்."

ஸ்டைனார் தன் வாளியையும் கீழே வைத்தார். தண்ணீர் பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் சத்தம் கேட்டது. அலுவலகத்தில் இருந்திருந்தால் இந்நேரம் அடுத்த படத்துக்குப் போயிருப்பார். இங்கே அடுத்த படம் இல்லை. ஆக்னஸ் அவரை அவசரப்படுத்தவில்லை. நான் என் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், கால்விரல்கள் மரத்துப்போயின.

"நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார் கடைசியில்.

"யோசித்துக்கொண்டிருந்தேன்."

"பிறகு?"

"பிறகு நீங்கள் விடுமுறைக்குப் போய்விட்டீர்கள்."

அவர் கழுத்துவரை சிவந்தார். "செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக..." என்று தொடங்கியவர், ஆக்னஸ் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வாளியைத் தூக்கிக்கொண்டு குடிலுக்குப் போனார். உள்ளே கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். தர்சிகா காதைத் தீட்டிக்கொண்டு எனக்குச் சொன்னாள்: "மனிசி கேக்கிறா, புனித வெள்ளியிலயோ எண்டு. அவர் சொல்லுறார், ஓம், புனித வெள்ளியிலதான் எண்டு." சற்று நேரத்தில் அவர் மேலங்கியோடு வெளியே வந்தார், வாயில் சால்மன்.

"போஸ்கே நேரம் ஒரு நோஷ்க்காரனை ஹுத்தேயில இருந்து கூட்டிக்கொண்டு வந்தனாங்கள் எண்டு சொன்னால் அப்பா நம்பவே மாட்டார்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே காரை ஓட்டினாள் தர்சிகா.

ஆள் இல்லாத அலுவலகத்தில் எச்சரிக்கை மணி அலறியது. அதை நிறுத்தும் எண் ஸ்டைனாருக்கு மறந்துபோயிருந்தது. அதற்கு ஓர் அரை மணி போனது. பிறகு வேலை நடந்தது. தர்சிகா வரைபடங்களின் வரிசையை மாற்றினாள். தூண்கள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். துவைகூடம் முதல் தாள். கூட்டக் குறிப்பில் இருந்த அந்த வரியையும் ஸ்டைனார் எடுத்துவிட்டு, ஆக்னஸைச் சொல்லச் சொல்லித் தட்டச்சு செய்தார். ஆக்னஸ் சொல்வதற்கு முன் நெடுநேரம் யோசித்தார். ஸ்டைனார் விசைப்பலகைமேல் விரலை வைத்தபடி காத்திருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. படகுக்காரருக்குப் படங்கள் போய்விட்டன என்று திரையில் பார்த்த பிறகே பசித்தது. கடைகள், நினைவிருக்கட்டும், மூடியிருந்தன.

ஹவுகன்ஸ்டுவாவுக்குத் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் பெட்டி கட்டினேன். ஆக்னஸைக் காணோம். கீழே இறங்கிப் பார்த்தால் சலவை அறையில் இரண்டு இயந்திரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் துணிகளோடு தர்சிகாவின் திரைச்சீலைகளும் சேர்ந்து.

"இன்று துவைக்கக் கூடாது" என்று சுவரைக் காட்டினேன். "எழுதியிருக்கிறது."

ஆக்னஸ் புருவத்தை உயர்த்தினார். தெரியும் என்று பொருள். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் உட்காரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் பயந்தபடியே ஒரு வயதான நோர்வேக்காரர், கம்பளிச் சட்டையோடு, புகார் சொல்லத் தயாராக வந்து நின்றார். ஆங்கிலத்தில் "இன்றைக்கு..." என்று தொடங்கினார். பிறகு மடிக்கும் மேசையைப் பார்த்தார். ஆக்னஸ் அதில் ஊர் வரைபடத்தை விரித்துவைத்திருந்தார், புதிய துவைகூடத்துக்கு மேட்டில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டு.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இந்த ஆறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

ஆக்னஸ் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்தார்.